அப்பா காரை விட்டு இறங்கவில்லை

“அக்கா, சீரியஸ்லி, இதை வெளியில ஆருக்கும் சொல்லாதை. படிச்ச பிள்ளை எண்டு அப்பா கோயில் முழுக்கச் சொல்லி வச்சிருக்கிறார். பிறகு உனக்குக் குளிரில மண்டை விறைச்சுப்போச்சு எண்டு சிரிப்பினம்.”

என் தம்பி கெவின் இப்படிச் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. அவனைக் குறை சொல்ல முடியாது. வேறு யாராவது இதே கதையை எனக்குச் சொல்லியிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன், ஏனென்றால் இந்த மாதிரி விஷயங்களை நான் ஒருநாளும் நம்பியதில்லை. ரொறன்ரோவில், மோர்னிங்சைடில், எங்கள் ஊர்ச் சனம் ஞாயிற்றுப் பூசை முடிந்து மண்டபத்தில் நின்று, இன்னார் செத்த நேரம் இன்னாருக்கு முன்னால் வந்து நின்றார் என்று தொடங்கினால், நான் கோப்பியை எடுத்துக்கொண்டு அடுத்த மூலைக்குப் போய்விடுவேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா எங்கள் கடற்கரை ஊரான பேசாலையில் எட்டு வயதிலேயே கடலுக்குப் போனவர். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். நான் பிசியோதெரபிஸ்ட். எலும்பு, தசை, நரம்பு என்று தொட்டுப் பார்க்கக்கூடியதை மட்டும் நம்புகிறவள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்.

போன மாரிக் குளிரில் எனக்குக் கொலிங்வூட்டில் வேலை கிடைத்தது. ரொறன்ரோவில் இருந்து இரண்டு மணித்தியால ஓட்டம், பனிச்சறுக்கு மலை இருக்கிற ஊர். அங்கே சறுக்கி விழுந்து முழங்காலை முறித்துக்கொள்கிறவர்களுக்குக் குறைவில்லை, அதனால் எனக்கும் வேலைக்குக் குறைவில்லை. அதுவரை அப்பா அம்மா வீட்டில் இருந்து பஸ்ஸில் போய் வருவது, பிறகு அங்கேயே வீடு வாங்குவது என்று முடிவு செய்தேன். எந்தப் பகுதியில் வாங்குவது என்று கணினியில் பெரிய அட்டவணை ஒன்று போட்டேன். மலையடியில் ஏரியைப் பார்த்தபடி இருக்கும் தெரு, அதுதான் முதலாவது. நகரத்துக்குள் பழைய வீடுகள் உள்ள பக்கம் இரண்டாவது. மலை மறைப்பில் பள்ளத்துக்குள் இருந்த ஒரு தெருவை எடுத்த எடுப்பிலேயே வெட்டிவிட்டேன். காரணம் என்ற பெட்டியில் ‘தூரம்’ என்று எழுதியிருந்தேன். அது பொய். கிளினிக்குக்குக் கிட்ட இருந்ததே அந்தத் தெருதான்.

வீடு பார்க்கப் போன நாள் ஒரு வியாழக்கிழமை, நல்ல பகல். பனியில் நெடுஞ்சாலையில் ஓட்ட எனக்குப் பயம், அதனால் அப்பாதான் கொண்டுபோனார். பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, வெள்ளிப்பட்டி வைத்த செம்மஞ்சள் ஜாக்கெட்டோடு அப்படியே வந்து காரை எடுத்தார். ஊருக்குள் நுழையும்போது நான் வெட்டிய அந்தத் தெரு வழியாகத்தான் போனோம்.

“இது நல்ல இடம் பிள்ளை. மலை மறைக்குது, காத்து அடிக்காது” என்றார் அப்பா. வீடு என்றால் அவருக்கு முதலில் காற்று, பிறகுதான் மற்றதெல்லாம்.

“அப்பா, இது பேசாலை இல்லை. அங்க இருக்கிறதெல்லாம் ஹோட்டல்ல கூட்டித் துடைக்கிற ஆக்கள்.”

 “உன்ர அம்மாவும் அதைத்தானே செய்தவ” என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. அட்டவணையில் ஒரு பிழையைத் திருத்துவது போலத்தான் சொன்னார்.

ஏரியைப் பார்த்த தெருவில், அந்த வீட்டுக்கு முன்னால், றோட்டோரமாகக் காரை நிறுத்தினார். “நீங்கள் ஷிஃப்ட் முடிச்சு வந்தனீங்கள், கொஞ்சம் நித்திரை கொள்ளுங்கோ, நான் பார்த்திட்டு வாறன்” என்றேன். ஏதோ அவர் களைப்புக்காகச் சொன்னது போல. “ஓம் ஓம், நீ போட்டு வா” என்று சீட்டைச் சரித்தார்.

வீடு விற்கும் முகவர் பிறையன் வாசலில் நின்றார். நல்ல மனிதர். என்னை உள்ளே விட்டுவிட்டு, கண்ணாடி வழியாகக் காரைப் பார்த்து, “உங்கள் டிரைவரா? குளிர் பூச்சியத்துக்குக் கீழே பதினான்குக்குப் போய்விட்டது, உள்ளே வந்து இருக்கச் சொல்லுங்களேன்” என்றார்.

இல்லை, என் அப்பா என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்?

“டிரைவர்தான். அவர் காரிலேயே இருப்பார், பழக்கம்” என்றேன்.

பழக்கம் என்ற சொல்லை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன். பிறகு முக்கால் மணித்தியாலம் அடுப்படிக் கல், நெருப்பு மூட்டும் இடம், சறுக்குப் பலகை வைக்கும் அறை எல்லாவற்றையும் பார்த்தேன். எதைப் பார்த்தேன் என்று இப்போது கேட்டால் ஒன்றும் ஞாபகம் இல்லை. பிறையன் என்னை விட்டு ஒரு நிமிடம்கூட அகலவில்லை. இதைக் கவனித்து வையுங்கள், கெவினுக்கும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். முடிந்ததும் கதவைப் பூட்டிவிட்டு நேரே தன் காரில் ஏறிப் போய்விட்டார்.

நான் படி இறங்கும்போது பக்கத்து வீட்டு வாசலில் இருந்து ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண் கையைக் காட்டிக்கொண்டு வேலிவரை வந்தார். றூத் என்று பெயர் சொன்னார்.

“உங்கள் அப்பா இப்போதுதான் என் வீட்டில் இருந்து எழும்பிப் போனார்” என்றார். “இவ்வளவு நாளில் இந்தத் தெருவில் எனக்குக் கிடைத்த நல்ல பேச்சுத்துணை அவர்தான். வார நாட்களில் இங்கே ஒரு வீட்டிலும் ஆள் இல்லை, தெரியுமா?”

வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன். “என் அப்பாவா?”

“செம்மஞ்சள் ஜாக்கெட். கடலில் இருந்தவராமே. இந்த வீட்டு வாசல் நேரே ‘வாடை’யைப் பார்க்கிறது, மகளுக்கு இது கூடாது என்றார்.”

நம்பினால் நம்புங்கள், வாடை என்று தமிழில்தான் சொன்னார். வட காற்றுக்கு அப்பா சொல்கிற அதே சொல். டகரத்தைக் கொஞ்சம் தட்டிச் சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம். என் அப்பாவுக்கு ஆங்கிலத்தில் தெரிந்தது வேலையிடத்தில் சொல்கிற ஏழெட்டுச் சொற்கள். அடுப்பு, தட்டு, கவனம், சூடு என்பவற்றுக்கான சொற்கள். அதை வைத்து ஒருவரோடு முக்கால் மணித்தியாலம் கதைக்க முடியாது.

“அவர் என்ன பாஷையில் கதைத்தார்?” என்று கேட்டேன்.

 றூத் கையுறையைக் கழற்றி மறுபடி போட்டார். “நீங்கள் கேட்ட பிறகுதான் யோசிக்கிறேன்” என்றார். “எனக்கு எல்லாம் விளங்கியதே.”

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, ரகசியம் சொல்வது போலக் குனிந்தார். “ஒன்று சொல்கிறேன், மனதில் வைத்துக்கொண்டு அழாதீர்கள். நீங்கள் டிரைவர் என்று சொன்னதற்கு அவர் வருத்தப்படவில்லை. காலையில் இருந்து ஓட்டினவன் டிரைவர்தானே என்று சிரித்தார். நான் சீனிப்பாகு ஊற்றிச் சுட்ட பட்டர் டார்ட் இரண்டு சாப்பிட்டார்.”

நான் சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். பயத்தால் என்று சொல்ல ஆசைதான். இல்லை, வெட்கம். பிறையனைத் தவிர யார் காதிலும் விழாத ஒன்றை நான்கு சுவருக்குள் சொல்லிவிட்டு வந்தவளிடம், அடுத்த வீட்டு மனுசி வந்து மன்னிப்பைக் கையில் தந்துவிட்டுப் போகிறார்.

நான் வந்த நேரத்தில் இருந்து பனி கொட்டிக்கொண்டே இருந்தது. காரைச் சுற்றிப் பார்த்தேன். கூரையில் நான்கு விரல் பனி. டிரைவர் பக்கக் கதவின் விளிம்பில் பனி உடையாமல் கோடாக நின்றது. என் பக்கத்தில் இருந்து நான் நடந்து போன அடிகள் பாதி மூடிக் கிடந்தன. அவ்வளவுதான். றூத்தின் வாசற்படியில் இருந்து வேலிக்கு வந்த அடிகள் றூத்துடையவை மட்டும். கதவைத் திறந்தேன். அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டு, பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறாராம், தொப்பியை முகத்தில் போட்டு வாயைத் திறந்து உறங்கிக்கொண்டிருந்தார். சப்பாத்தைக் கழற்றி வைத்திருந்தார். தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது.

“முடிஞ்சுதோ? வீடு எப்பிடி?” என்று எழும்பினார்.

“பரவாயில்லை. நீங்கள் எங்கயும் இறங்கிப் போனீங்களோ?”

“இந்தக் குளிருக்கோ? உனக்கென்ன விசரோ? நல்ல நித்திரை.”

திரும்பி வரும் வழியில் கோப்பிக் கடை ஒன்றில் நின்றோம். அம்மா கட்டித் தந்த இடியப்பப் பெட்டியை எடுத்தேன். அது திறக்கப்படாமலே இருந்தது. “எனக்கு வேண்டாம் பிள்ளை, வயிறு நிறைஞ்சு கிடக்கு” என்றார். முதல் நாள் இரவுக்குப் பிறகு அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அப்பாவுக்குச் சீனி வருத்தம், இரத்தத்தில் சர்க்கரை சோதிக்கும் மீற்றரை என் கைப்பையில்தான் வைத்திருப்பேன். விரலைக் குத்திப் பார்த்தேன். வெறும் வயிற்றில், இந்த நாட்டு அளவில், அவருக்கு ஏழுக்கு மேல் போவதில்லை. பதினாறு என்று காட்டியது. மறுபடி குத்தினேன். பதினாறுதான். “மிசின் பழுதோ?” என்று அப்பா கேட்டார். மிசின் பழுதில்லை, அடுத்த நாளே கிளினிக்கில் வைத்துச் சரிபார்த்துவிட்டேன். அந்த இரண்டு எண்ணும் இன்னும் அதன் நினைவில் கிடக்கின்றன. சில நாள் பஸ்ஸில் இருக்கும்போது பொத்தானை அழுத்திப் பின்னால் போய்ப் பார்ப்பேன், எதற்கென்று தெரியவில்லை.

கெவின் சொல்வது இது: அப்பா இறங்கிப் போயிருப்பார், கையால் காலால் கதைத்திருப்பார், பனி அடியை மூடியிருக்கும். சரி, என் பாதி மூடிய அடி தெரிந்ததே என்றேன்.  நான் சொன்ன அந்த ஒரு சொல் எப்படி வெளியே போனது என்றேன். “எந்தச் சொல்?” என்றான். அவனுக்கு அதை மட்டும் மறைத்துத்தான் கதை சொல்லியிருந்தேன். அன்று முதல்முறையாகச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. “அப்பாவிட்டயே கேட்டிருக்கலாமே, அக்கா” என்றான், மெதுவாக.

கேட்டிருக்கலாம். ஒரு கேள்விதான். ஆனால் றூத்தைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் றூத் சொன்னதைச் சொல்ல வேண்டும், அதைச் சொல்ல வேண்டுமென்றால் நான் பிறையனிடம் சொன்னதைச் சொல்ல வேண்டும். அன்று நடந்தது என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாமல் இருப்பதற்கு ஆவியோ அற்புதமோ காரணம் இல்லை. என் வாய்தான் காரணம். ஒவ்வொரு நாளும் அப்பா வேலைக்குப் போகச் சப்பாத்து நாடா கட்டும்போது பக்கத்தில் போய் நிற்பேன். “என்ன பிள்ளை?” என்பார். ஒன்றுமில்லை என்பேன்.

அப்பாவிடம் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை. ஆனால் பிறையனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாலு வரிக் கடிதம், ஐந்து முறை அழித்து எழுதினேன். ஏரியைப் பார்த்த வீடு எனக்கு வேண்டாம். மலை மறைப்பில் இருக்கும் தெருவில் விலைக்கு ஒரு வீடு இருப்பதாகப் போட்டிருக்கிறீர்கள், அதை வருகிற சனிக்கிழமை பார்க்க வேண்டும். அன்றைக்குக் காருக்குள் இருந்தவர் என் டிரைவர் இல்லை, என் அப்பா, நான் உங்களிடம் பொய் சொன்னேன். இந்த முறை அவர்தான் முதலில் வீட்டுக்குள் வருவார்.

நேற்றுக் காலை, வேலைக்கு இறங்குவதற்கு முன், அனுப்பிவிட்டேன்.