படுக்கை அறைக்கு அடித்த பச்சை

எங்கள் வீட்டில் நிறம் என்றால் என் கணவர் வைத்ததுதான் சட்டம். எந்த மஞ்சளுக்கு எந்த அரக்கு பொருந்தும் என்று கேட்டுக்கொண்டு இந்த நெசவுத் தெருவில் பாதிப் பேர் நூலோடு எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். அவர் அதைக் காலை வெயிலில் பிடித்துப் பார்த்து, "போடு" அல்லது "வேணாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அந்தக் கண்ணை நம்பித்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. அந்தக் கண்ணின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது, மாடியில் படுக்கை அறை கட்டிப் பெயிண்ட் அடித்த பிறகு.

கீழே இருக்கும் ஒரே நல்ல அறை தறிக்குப் போய்விட்டது. கல்யாணமானதிலிருந்து கூடத்தில் பாய் விரித்துத்தான் எங்கள் தூக்கம். பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் மாடியில் ஓர் அறை எழுப்ப முடிந்தது. எழுந்ததும் தார்க்குச்சியில் நூல் சுற்ற வேண்டும், பிறகு சமையல், மறுபடி நூல், நடுவில் தறியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து புடவைக் கரைக்கு, நூல் ஓட்டும் நாடாவைத் தள்ள வேண்டும். எனக்கு அலுத்துப்போயிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு படுக்க ஓர் இடம் கிடைத்தால் போதும், சுவர் எந்த நிறமாக இருந்தால் எனக்கென்ன என்றுதான் இருந்தேன்.

பெண் விடவில்லை. பெங்களூரிலிருந்து இளநீலத்தில் கட்டில் விரிப்பும் தலையணை உறையும் அனுப்பிவிட்டு, "செவுத்தையும் அதுக்கு மேட்ச்சா அடிங்கமா, அப்பதான் ரூம் அமைதியா இருக்கும்" என்று போனில் சொன்னாள்.

"கலர என்கிட்ட வுடு" என்றார் இவர். விரிப்பைத் தெருவுக்கு எடுத்துப் போய் வெயிலில் உதறி, பெயிண்ட் கடையில் கொடுத்த அட்டையை அதன் மேல் வைத்து வைத்துப் பார்த்தார். எதிர் வீட்டுக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். கட்டிலுக்கு ஒரு நிறம், சுவருக்கு எடுப்பாக இன்னொரு நிறம் என்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். புடவையில் உடலும் கரையும் முட்டிக்கொண்டு நின்றால்தான் அவருக்குத் திருப்தி. ஆனால் அவர், "படுக்கற எடத்துல கான்ட்ராஸ்ட் வேணாம். உடலும் கரையும் ஒரே கலரா ஓடட்டும்" என்று சொல்லி அட்டையில் ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

எனக்கு அது பச்சையாகத் தெரிந்தது. சரியான தூக்கமில்லாமல் என் கண்தான் கெட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

பெயிண்டர், "இதானாண்ணா?" என்று கேட்டார். டப்பாவைத் திறந்த பிறகு இன்னொரு முறை கேட்டார். "ஏம்பா, எனக்கே கலர் சொல்லித் தரியா?" என்று இவர் சிரித்ததும் அவர் பிரஷ்ஷை எடுத்துவிட்டார். சுவர் காய்ந்ததும் பார்க்க வந்த எதிர் வீட்டுப் பெண் கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, "அண்ணன் எடுத்ததுன்னா அதுல ஒரு இது இருக்கும்க்கா" என்றாள். அந்த 'இது' என்னவென்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நீல விரிப்பைச் சுற்றி நாலு பக்கமும் பிஸ்தாப் பச்சை. இவர் கட்டிலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "பாத்தியா? செவுறு எது, பெட்ஷீட்டு எதுன்னு தெரியல."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கீழே இறங்கி, பச்சை ஒன்றும் நீலம் ஒன்றுமாக நூல் சுற்றிய குச்சிகள் இரண்டை எடுத்து நீட்டினேன். "இதுல நீலம் எதுங்க?" அவர் வாங்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. தறி மேடையில் போய் உட்கார்ந்துகொண்டு, "நீ தட்டுல குச்சிய எடது பக்கம் உடலுக்கு, வலது பக்கம் கரைக்குன்னு வெக்கறே இல்ல? அதப் பாத்துதான் எடுத்துக்கினு இருக்கறேன். பச்சையும் நீலமும் கொஞ்ச நாளா ஒண்ணாதான் தெரியுது" என்றார். யாருக்காவது தெரிந்தால் அப்புறம் எவன் நம் வீட்டுக்கு நெய்யப் பாவு நூல் கொடுப்பான் என்றும் சொன்னார். நூலோடு வந்து நிற்பவர்களுக்கு இத்தனை நாள் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. நான் வரிசை மாறாமல் அடுக்கிக்கொண்டிருந்ததால் எங்கள் தறியில் மட்டும் தப்பு வராமல் இருந்திருக்கிறது. அவர் மேல் கோபம் வந்தது. அதைவிடப் பயம்தான் அதிகம் வந்தது.

ஆஸ்பத்திரியில் கண்ணில் புரை என்றார்கள். அறுவை செய்தால் நிறம் திரும்பும் என்று டாக்டர் சொன்னபோதும் அவர் நம்பவில்லை. எப்படியோ அறுவை நடந்தது; தறி நின்றது. சொட்டு மருந்து விடுவது, தலைக்குத் தண்ணீர் படாமல் பார்ப்பது, விசாரிக்க வருபவர்களுக்குச் சமாதானம் சொல்வது என்று எல்லாம் என் தலையில் ஏறிக்கொண்டது. மாடி அறையில் அவர் படுத்தார். ஏதாவது வேண்டும் என்று கூப்பிடுவாரே என்று நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் அரைத்தூக்கத்தில் கிடந்தேன்.

அறுவைக்குப் பின் போட்ட கறுப்புக் கண்ணாடியைக் கழற்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் காலை நான் காபியோடு மாடி ஏறினபோது அவர் அறை நடுவில் நின்று நாலு சுவரையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாது இது? பச்சையா அடிச்சி வெச்சிருக்குது?"

"நீங்க எடுத்த கலர்தான்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். கண் வந்துவிட்டது, இனி கவலையில்லை. உடனே பெயிண்டருக்குப் போன் போடுவார் என்று நினைத்தேன். ஆனால் காபியை வாங்கத் திரும்பியவர் என் முகத்தைப் பார்த்தார்.

"உன் மூஞ்சி ஏன் இப்பிடி இருக்குது? கண்ணு ரெண்டும் உள்ள போயி, கருத்துப்போயி... எப்பத்திலேர்ந்து?"

எப்போதிலிருந்து என்று எனக்கும் தெரியவில்லை. அதை யாரும் கேட்டதில்லை.

"அடுப்புல ஒல வெச்சிருக்குது" என்றேன்.

"நான் போறேன். நீ படு" என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடி படி இறங்கினார்.

நான் கட்டிலில் படுத்தேன். முதலில் அழுகைதான் வந்தது. அதற்கப்புறம்தான் தூக்கம் வந்தது.