அண்ணன் வாயில் இருந்த வெள்ளை

தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, நெருப்பில் கருகுகிற வாசனை எங்கிருந்து வந்தாலும் எனக்கு அண்ணனுடைய வாய்தான் ஞாபகத்துக்கு வரும்...

யட்டவத்தப் பக்கம் எங்கள் வீடு. நான் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த காலம். அண்ணனுக்கு முப்பத்திரண்டு வயது, கல்யாணமாகி இரண்டு வருஷம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அடுத்தடுத்த காணிக்காரர்களான எங்கள் சித்தப்பாவுக்கும் எதிர்வீட்டு சரோஜாக்காவுக்கும் வேலித் தகராறு, கோர்ட் வரைக்கும் போயிருந்தது. அண்ணன்தான் சித்தப்பா பக்கத்துச் சாட்சி.

வழக்குத் தவணைக்கு ஒரு மாதம் இருக்கும்போது அண்ணனால் விழுங்க முடியாமல் போனது. பிறகு பேச்சும் குறைந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொன்னோம். நாக்கு, அண்ணம், கன்னத்தின் உள்பக்கம் எல்லாம் வெள்ளைத் திட்டு, தயிர் ஒட்டியது போல. அம்மா துணியால் துடைத்துப் பார்த்தார். கீழே செக்கச் சிவப்பாக ரத்தம் கசிந்தது.

"சாட்சி சொல்லக் கூடாதுன்னு வாயக் கட்டிட்டா" என்றார் அம்மா. யார் என்று எவரும் கேட்கவில்லை.

ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பூசைக்குப் போகிற குடும்பம் நாங்கள். ஆனாலும் சித்தப்பா நாவுல ஊரிலிருந்து சூனியம் வெட்டுகிற ஒருவரைக் கூட்டி வந்தார். நல்ல பட்டப்பகல். அவர் அண்ணனைக் கதிரையில் உட்கார வைத்து, ஏழு தேசிக்காயை வெட்டி நெருப்பில் போட்டார். பிறகு எங்கள் வேலியோரம் ஓரிடத்தைக் காட்டித் தோண்டச் சொன்னார்.

முழங்கை ஆழத்தில் ஒரு பூட்டு கிடந்தது. துருப்பிடித்து, கறுப்பு நூல் சுற்றி...

அவரே கொண்டுவந்து போட்டிருப்பார் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் பல தடவை அப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு மண்வெட்டி பிடித்தது நான். மண் கல் மாதிரி இறுகிக் கிடந்தது. அந்தப் பூட்டு அங்கே எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பூட்டை அடித்து உடைத்தார்கள். அன்று பின்னேரமே அண்ணன் தெளிவான குரலில் கஞ்சி கேட்டார். அம்மா அழுதுவிட்டார். நாங்கள் ஆஸ்பத்திரியை மறந்தது அந்த ஒரு கோப்பைக் கஞ்சியால்தான்.

ஏழாவது வாரம் அண்ணன் இல்லை. நெஞ்சுச் சளி என்றார்கள். எங்கள் ஆட்கள் எதிர்வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார்கள். சரோஜாக்கா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்.

அடுத்த வருஷம் மாத்தளை டவுனில் ஒரு லேடி பல் டொக்டரிடம் உதவிக்குச் சேர்ந்தேன். ஒருநாள் பல் பிடுங்க வந்த ஒருவர் வாயைத் திறந்தார். அதே வெள்ளை. டொக்டர் பஞ்சால் துடைத்தார், அதே சிவப்பு. செத்துப்போன அண்ணனின் வாய் வேறொரு முகத்தில் திறந்திருந்தது...

டொக்டர் அவருக்கு விளக்கிச் சொல்லி, கடிதம் கொடுத்து அனுப்பினார். பிறகு கை கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"இது சீனி வியாதிக்கும் வரும், சில மருந்துக்கும் வரும். ஒரு காரணமும் தெரியாம இந்த வயசுல வந்தா எச்ஐவி டெஸ்ட் ஒண்ணு எடுக்கணும். சில பேருக்கு மொதல்ல வாயிலதான் காட்டும்."

"எடுக்காம விட்டா, மிஸ்?"

"ஒடம்புல எதிர்ப்புச் சக்தி போயிரும். நெஞ்சுச் சளியே ஆளக் கொண்டு போயிரும். நேரத்தோட வந்தா மருந்து இருக்கு."

அண்ணன் போனது போனதுதான். ஆனால் அண்ணி எங்கள் வீட்டில் இருந்தார். நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போனார். துக்கம் என்று நாங்கள் பேர் வைத்திருந்தோம்.

இரண்டு வாரம் சொல்ல வாய் வரவில்லை. அண்ணி கொட்டாவி விட்டால்கூட உள்ளே எட்டிப் பார்ப்பேன்.

"என்னா புள்ள, என் வாயவே பாக்குற?" என்று ஒருநாள் பயந்துபோய்க் கேட்டார்.

பல் கிளீன் பண்ணலாம் என்று பொய் சொல்லிக் கூட்டிப் போனேன். டொக்டர் நாக்கைப் பிடித்து ஓரமாகத் திருப்பினார். ஓரம் முழுக்க வரிவரியாக வெள்ளைக் கோடுகள். துடைத்தும் போகவில்லை. வலியே இல்லையாம்.

அண்ணி படுத்தபடியே கேட்டார், "எனக்கும் கட்டிட்டாங்களா?"

வாயில் தெரிவது அடையாளம் மட்டும்தான், ரத்தம் பார்த்தால்தான் முடிவு என்றார் டொக்டர். ரத்தத்திலும் இருந்தது. யாரிடமிருந்து யாருக்கு என்று எங்களுக்குத் தெரியாது. அண்ணி அதைக் கேட்கவுமில்லை. "அம்மாவுக்கு மட்டும் சொல்லிறாத" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சொல்லவில்லை. அம்மா கடைசிவரை எதிர்வீட்டைச் சபித்துக்கொண்டேதான் கண்ணை மூடினார்.

இப்போது அண்ணி அலுவிகாரையில் ஒரு கடைக்கு வேலைக்குப் போகிறார். தினமும் மாத்திரை, அவ்வளவுதான். என்னைவிடக் குண்டு. இப்போதெல்லாம் எங்கள் பல் கிளினிக்கில் இந்த நோயின் பேரைச் சாதாரணமாகச் சொல்கிறோம். அன்றைக்கும் மாத்திரை இருந்தது... நாங்கள்தான் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தோம்.

போன மாதம் சரோஜாக்கா எங்கள் கிளினிக்குக்கு வந்தார். என்னைக் கண்டதும் எழுந்து போகப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"நான் ஒண்ணும் செய்யலம்மா. ஒங்கண்ணன இடுப்புல தூக்கி வச்சிருந்தவ நான்."

"தெரியும்க்கா."

"எப்பிடித் தெரியும்?"

லைட்டைத் திருப்பி, வாயைத் திறக்கச் சொன்னேன். அப்படி வெட்கப்பட்ட நாள் வேறில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்து போனார். நானும் பின்னால் போனேன். இத்தனை வருஷத்தில் சரோஜாக்கா வீட்டுப் படியை மிதித்தது அன்றுதான். அண்ணி அண்ணனைக் கொண்டுபோன நோயின் பேரைச் சொன்னார், தனக்கும் இருப்பதைச் சொன்னார். யாரிடமும் மறைக்க வேண்டாம் என்று என்னிடமும் சொல்லிவிட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சரோஜாக்கா திட்டுவார், அழுவார் என்று நினைத்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவனுக்கு ரொம்ப வலிச்சுச்சா?"

எங்கள் வீட்டில் ஒருத்தரும் அண்ணனிடம் அதைக் கேட்டதில்லை.