மூட்டை வராத மாதம்

கல்யாணமாகி, தென்காசியில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகி இரண்டு வருடம் ஆன பிறகும் நான் ஒரு படி அரிசி வாங்கியது கிடையாது. மேலகரத்தில் வாடகைக்கு இருந்தோம். மாதம் பிறந்தால் சுரண்டை பஸ்ஸின் மேலிருந்து ஒரு மூட்டை இறங்கும். அப்பா வயலில் விளைந்து, பத்தாயத்தில் ஒரு வருடம் கிடந்து, பிறகு அரைத்து வருகிற அரிசி. சம்பளத்தைச் சினிமாவுக்கும் சட்டைக்கும் ஓட்டல் காப்பிக்கும் செலவழித்துவிட்டு, குடும்பம் நடத்துவது ஒரு பெரிய காரியமா என்று நண்பர்களிடம் அளந்துகொண்டிருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆவணி மாதம் அப்பாவின் கார்டு வந்தது. இனி மூட்டை வராது, நானும் அம்மாவும் வருகிறோம், குற்றாலத்தில் பத்து நாள் குளிக்க வேண்டும், சாப்பாடு உன் வீட்டில் என்று எழுதியிருந்தார். எனக்குக் கோபமான கோபம். மாமாவுக்குச் சோறு போட இவ்வளவு கோபமா என்று மனைவி கேட்டாள். உள்ளே பயம்தான். பத்து நாளில் நான் திணறிவிட்டால், இவனுக்கு இன்னும் ஊட்டித்தான் விட வேண்டும் என்று அப்பா முடிவு கட்டிவிடுவார். அதை நினைக்கவே வெட்கமாக இருந்தது.

அரிசி வாங்கப் போனபோது கடைக்கார அண்ணாச்சி, புதுசு வேண்டுமா பழசா என்று கேட்டார். சட்டையோ செருப்போ புதுசாகக் கேட்டு வாங்கிப் பழகியவன் நான். புதுசையே கொடுங்கள் என்று மிடுக்காகச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அளந்து போட்டார்.

அருவியில் குளித்துவிட்டு அகோரப் பசியோடு அப்பாவும் அம்மாவும் வந்து உட்கார்ந்தார்கள். இலையில் விழுந்தது சோறு இல்லை, களி. அறுவடையானவுடன் வரும் அரிசி குழையும் என்பது வயல்காரர் மகனுக்குத் தெரியவில்லை. வழக்கம்போலத் தண்ணீர் வைத்த என் மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏலே, யாருலே இந்த அரிசிய வாங்குனது?" என்றார் அப்பா.

நான்தான் என்றேன். புதுசு என்றால் ஒசத்தி என்று நினைத்ததையும் சொன்னேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. களியில் குழி பறித்துக் குழம்பை ஊற்றச் சொல்லி, இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். பத்து நாளும் அதே அரிசிதான். நான் சினிமாவையும் ஓட்டல் காப்பியையும் விட்டேன். உயிர் ஒன்றும் போய்விடவில்லை.

ஊருக்குக் கிளம்பிய அன்று, பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மா என்னைத் தள்ளிக் கூட்டிப் போனாள். அப்பாவுக்குத் தெரியாமல் மாதம் அரை மூட்டை பழைய அரிசி அனுப்பிவிடுவதாகச் சொன்னாள். சொன்னது அப்பா காதில் விழுந்துவிட்டது. என் முகத்தையே பார்த்தார். பழைய அரிசிச் சோற்றை நினைத்து எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது நிஜம்.

"வேண்டாம்மா. நானே வாங்கிக்கிடுதேன்," என்றேன்.

அம்மாவின் முகம் வாடிப்போயிற்று. அதற்குள் பஸ் வந்துவிட்டது. அம்மாவை ஏற்றிவிட்டு அப்பா படியில் நின்று திரும்பினார்.

"அப்ப வாரோம்யா," என்றார்.

பிறந்ததிலிருந்து என்னை 'ஏலே' என்று மட்டுமே கூப்பிட்ட மனிதர் அவர்.