மீரான் கனி போட்ட பெருக்கல் குறி

கல்லிடைக்குறிச்சியில் பழைய டிராக்டர் இஞ்சின்களைப் பிரித்து மாட்டும் மீரான் கனி, புதுப் பிஸ்டன் எதையும் மைக்ரோமீட்டரில் அளக்காமல் இறக்க மாட்டார். போன பிசானப் பருவ நெல் உழவில், பெட்டியில் அச்சடித்த அளவை நம்பி மாட்டிய ஒரு பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரைக் கவ்விக்கொள்ள, வண்டி நடுவயலில் நின்றுபோனது. அன்று வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது.

இந்தத் தடவை வந்த மூன்று பிஸ்டன்களில் ஒன்று மயிரிழை அளவு பருமன் அதிகம். எரிச்சலில் அதன் உட்புறம் சிவப்பு மார்க்கரால் பெருக்கல் குறி போட்டு, மூன்றையும் திருநெல்வேலிக் கடைக்கே திருப்பி அனுப்பினார். பதிலுக்கு வந்த செட்டிலும் ஒன்று பருமன்.

கடைக்காரர் சங்கரலிங்கம் போனில் சலித்துக்கொண்டார். "ஊர்ல வேற யாரும் குறை சொல்லல வே. நீருதான் அளந்து அளந்து உயிர வாங்குதீரு."

"மத்தவன் அளக்கவே இல்ல அண்ணாச்சி. பெறகு எப்படிச் சொல்லுவான்?"

"சரி, இன்னைக்கு வந்த புதுச் சரக்குல அனுப்புதேன்."

மூன்றாவது பெட்டி பஸ்ஸில் வந்தது. மைக்ரோமீட்டரைத் துடைத்து வைத்துக்கொண்டு பெட்டியைப் பிரித்தார். அளக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. ஒரு பிஸ்டனின் உள்ளே, சிவப்பு மார்க்கரில், அவர் கையால் போட்ட அதே பெருக்கல் குறி.