சாப்பிட்டுவிட்டு எடுத்த பால்குடம்

முருகனடியார்களே, நான் சென்ட்ர் டி ஃப்ளாக் என்ற ஊரில் இருக்கும் தமிழ் வாத்தியார் வீட்டுக்காரி. அவர் வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து மொரீஷியஸ் வந்தோம். தொண்ணூறுகளின் தொடக்கம். மகள் மீனாவுக்கு ஆறு வயது. வாய் ஓயாத பிள்ளை. ஆனால் காய்ச்சலில் சாப்பாட்டை ஒதுக்கினால் போதும், துவண்டு மயங்கிவிடுவாள். ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினால் மறுநாள் எழுந்து விளையாடுவாள். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. "இன்னொரு தடவை வந்தால் உயிருக்கே ஆபத்து" என்றார் டாக்டர். நான் உடைந்துபோனேன். முருகா, என்ன நோய் என்றாவது காட்டு என்று அழுதேன்.

தைப்பூசக் காவடி வந்தது. "நானும் விரதம், நானும் பால்குடம்" என்று மீனா ஒற்றைக்காலில் நின்றாள். சாமி காரியம், காய்ச்சலும் இல்லை, தடுக்க மனம் வரவில்லை. ஊர்வலத்தில் பாதி வழியில் அவள் கால் பின்னியது, பேச்சு குழறியது. குடத்தை வாங்கிக்கொண்டு அவளைத் தாங்கிப் பிடித்தேன்.

பக்கத்து வீட்டு ஜோசபின் தையல் ஃபாக்டரியில் வேலை பார்ப்பவள். தமிழ் வம்சம்தான், மாதா கோயிலுக்குப் போகிறவள். ஊர்வலம் பார்க்க நின்றவள், சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"விரதம், ஜோசபின்" என்றேன்.

"டோன் லி டிசிக், மதாம்." பிள்ளைக்குச் சர்க்கரை கொடு என்று கிரியோலில் அதட்டினாள். அவளே கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். சற்று நேரத்தில் மீனா கண்ணை அகலத் திறந்து, "இன்னும் கொஞ்சம்" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததைச் சொன்னதும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரத்தமும் தோல் துணுக்கும் சோதனைக்காகப் பிரான்சுக்குப் போயின. விடை வந்தது. உடம்பின் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று அடுப்பு மாதிரி ஒன்று இருக்கிறதாம். வயிறு காய்ந்தால் கொழுப்புதான் அதற்கு விறகு. அந்த விறகை உள்ளே கொண்டுபோகும் புரதம் மீனாவுக்குப் பிறவியிலேயே பலவீனம். அதனால் அவள் பட்டினி கிடக்கவே கூடாது. வேளைக்குச் சாப்பாடு, கொழுப்பு குறைவு, படுக்குமுன் சோளமாவுக் கரைசல், காய்ச்சல் என்றால் உடனே ஆஸ்பத்திரி. இவ்வளவுதானா என்று டாக்டர் முன்னாலேயே சிரித்துக்கொண்டே அழுதேன்.

அடுத்த காவடிக்குக் குருக்களிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அதுக்கென்னம்மா, பாப்பா வயிறாரச் சாப்பிட்டுட்டே எடுக்கட்டும். பசிச்ச பிள்ளை கையால பால் வாங்குவானா முருகன்?" என்றார்.

இட்லி தின்ற வாயோடு மீனா பால்குடம் எடுத்தாள். வழியெல்லாம் ஒரே பேச்சு.

நெஞ்சில் பாரம் வைத்திருப்பவர்களே, நீங்களும் அவனிடம் கேளுங்கள். என் முருகன் எனக்குப் பதிலை மாதா கோயிலுக்குப் போகிறவளிடம் கொடுத்தனுப்பினான். யார் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.