கீரிமலையில் நிறுத்திய இரண்டு பேர்

கொக்குவிலில் பஞ்சலிங்கம் என்று விசாரித்தால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். டைப்பிங் மாஸ்டர் என்றால் ஒரே வீடுதான். ரயில் பாதையை ஒட்டிய மதிலுக்குள் முன்னுக்கு வகுப்பு நடக்கும் தகரக் கொட்டகை, பின்னுக்கு வீடு. மாஸ்டர் கலியாணம் கட்டவில்லை. அதற்கு ஊர் சொன்ன காரணங்கள் பல; அவர் சொன்னது ஒன்றுமில்லை. எண்பத்தொன்பதில் கொழும்பிலிருந்து ரயிலில், பச்சைக் குழந்தையைக் கொண்டுவருவது போல, ஒரு கொம்பியூட்டரைக் கொண்டுவந்து இறக்கினார். அடுத்த ஆண்டு ஆனியில் ரயிலும் நின்றது, மின்சாரமும் நின்றது. கொம்பியூட்டர் பழைய வேட்டியால் போர்த்தியபடி மூலையில் கிடந்தது.

அதே ஆனியில்தான் அவருடைய அக்கா மகாதேவி, கடலோரத்தில் கோயிலும் கேணியும் உள்ள கீரிமலையிலிருந்து ஓடி வந்தார். ஷெல் விழத் தொடங்க ஊரே எழும்பிவிட்டது. அத்தான் நமசிவாயம் மட்டும், சினைப்பசுவை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நின்றுகொண்டார்.

"நீ முன்னுக்குப் போ. மாடு கண்டு போட்ட கையோடை ரெண்டு நாளிலை வாறன்."

பக்கத்து வளவுக் கிழவர் ஒருவரும் அவருக்குத் துணையாக நின்றார். பிறகு அந்தப் பக்கத்தை இராணுவம் பிடித்துக்கொள்ள, எவரும் போக முடியவில்லை. அங்கிருந்து எவரும் வரவுமில்லை. ஆள் இனி இல்லை, அந்தியேட்டிக் கிரியையைச் செய்துவிடு என்று சொல்ல வந்த சொந்தக்காரருக்கு அக்கா தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார். நெற்றியில் குங்குமம் வைப்பதை அவர் ஒருநாளும் நிறுத்தவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மாஸ்டர் எங்கோ ஒரு சிறிய ஜெனரேற்றர் தேடிப் பிடித்தார். ஒரு சொட்டுப் பெற்றோலில் மூச்சு வந்து, மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் மாணவர்கள் கொம்பியூட்டரில் பழகுவார்கள். அவர்கள் போன பிறகு தாங்கியில் மிஞ்சிய எண்ணெய் தீரும்வரை மாஸ்டர் அதில் ஒரு விளையாட்டு விளையாடுவார்.

பெட்டியோடு வந்த விளையாட்டு அது. திரையில் ஒரு தேசம்: மலை, ஆறு, கடல். நாம் ஓர் அரசன், நமக்கு நாலு ஊர். ஆற்றுக்கு அப்பால் இரண்டு அரசர்கள்; அவர்களை ஆட்டுவிப்பது கொம்பியூட்டர். ஒருமுறை நாம் படையை நகர்த்தினால் மறுமுறை அவர்கள் நகர்த்துவார்கள். ஒருவனுக்குக் கொம்பு முளைத்த பூதப்படை. மற்றவனுக்குச் சுடலையிலிருந்து எழும்பிய எலும்புக்கூடுகளும் நெருப்புக் கக்கும் பாம்பு ஒன்றும். தாயம் போலப் பொறுமையாக ஆட வேண்டிய விளையாட்டுத்தான். ஆனால் அந்த இரண்டு பேருக்கும் பொறுமை என்பதே கிடையாது. தங்களுக்குள் சண்டை பிடிக்கவும் மாட்டார்கள். இரண்டு பேரும் சேர்ந்து நம்மேல்தான் பாய்வார்கள்.

தொடங்கும்போது ஊர்களுக்குப் பெயர் கேட்கும். கடலோரத்தில் ஒரு சின்னக் கோயில் தெரிந்த ஊருக்கு மாஸ்டர் கீரிமலை என்று பெயர் வைத்தார். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அக்கா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "உதோ கேணி?"

"அது கடல், அக்கா."

"கேணியில்லாத கீரிமலையோ? சரி, கோயிலாவது கிடக்கு." சிரித்துவிட்டார். வந்த நாளிலிருந்து மாஸ்டர் அந்தச் சிரிப்பைக் கண்டதில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இராச்சாப்பாட்டுக்குப் புட்டைப் போடும்போது கேட்பார்: "என்ன தம்பி, கீரிமலை இருக்கோ?"

"இருக்கு, அக்கா."

முதலில் அது பொய்யில்லை. கீரிமலை இருக்கத்தான் செய்தது, தோற்கும்வரை. நாலு ஊருக்கும் படையைச் சமமாகப் பிரித்து வைத்தார். எதிரிகள் ஒவ்வொன்றாக வந்து தின்றுவிட்டுப் போனார்கள். கூட இருந்து பார்க்க இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் ரயில் நின்றதால் வேலையும் நின்றுபோன ஸ்டேசன் மாஸ்டர் ஏரம்பர். மற்றவர் சந்தியில் சைக்கிள் கடை வைத்திருந்த பேதுரு.

"ஏன் காணும், முந்நூற்றுநாலு விளையாடத் தெரியாதோ உமக்கு?" என்றார் சீட்டாட்டக்காரரான ஏரம்பர். "எல்லாக் கடதாசியையும் நெஞ்சோடை அணைச்சுக்கொண்டிருந்து ஆர் வெண்டது? ஒரு சின்னக் கடதாசியைக் கீழை போடும். அவன் ஆசைப்பட்டு எடுப்பன். பிறகெல்லே துரும்பாலை வெட்டுறது."

மாஸ்டர் கவனித்துப் பார்த்தார். உண்மைதான். கொம்பியூட்டர் அரசர்களுக்கு எந்த ஊரில் ஆள் குறைவோ அதில்தான் கண். மணத்தால் போதும், கோட்டையில் காவலுக்குக்கூட ஒருவனை விடாமல் முழுப் படையையும் இழுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். அடுத்த ஞாயிறு அவர் கடலோர ஊரிலிருந்த படை முழுவதையும் வெளியே எடுத்தார். ஊர் வெறுமையாகக் கிடந்தால் எதிரி சட்டை செய்யமாட்டான். சண்டை மணக்க வேண்டும். ஆகவே வேல் பிடித்த இரண்டு கிழட்டுக் குடியானவர்களை அங்கே நிறுத்தினார். பூதமும் எலும்பும் கீரிமலையில் விழுந்து அடித்தன. அந்த நேரம் மாஸ்டரின் குதிரைப்படை ஆற்றைக் கடந்து அவர்களுடைய திறந்த கோட்டைகளுக்குள் புகுந்தது.

பேதுரு துள்ளி எழும்பி விசிலடித்தார், மாட்டுவண்டிச் சவாரியில் தன் சோடி முந்தியதைப் போல.

அன்றிரவு புட்டுக்கு முன்னால் அக்கா கேட்டார்: "கீரிமலை இருக்கோ?"

மாஸ்டர் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "இருக்கு, அக்கா."

வேறு பெயர் வைத்திருக்கலாம். அதைக் காரைநகர் என்றோ கைதடி என்றோ மாற்ற ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் பெயரை மாற்றினால் அக்காவிடம் காரணம் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருப்பது சுலபமாக இருந்தது. வெற்றியும் இனித்தது. ஞாயிறுதோறும் கீரிமலையில் இரண்டு கிழவர்கள் நின்றார்கள், செத்தார்கள். ஞாயிறுதோறும் கீரிமலை இருந்தது.

ஒருநாள் விளையாட்டு முடிகிற தறுவாயில் அக்கா தேத்தண்ணீர்த் தட்டோடு கொட்டகைக்குள் வந்தார். பேதுருவுக்கு நல்ல உற்சாகம்.

"அக்கா, உங்கடை தம்பி லேசுப்பட்ட ஆளில்லை. இதிலை பாருங்கோ, கீரிமலை. இதிலை ரெண்டு கிழடுகளை விட்டிட்டு மாஸ்டர் மெல்லக் கழண்டிடுவார். உந்த மோட்டுப் பயலுகள் ரெண்டு கிழடுகளையும் அடிச்சுக் கொண்டு நிக்க, நாங்கள் அங்காலை போய்க் கோட்டையைப் பிடிச்சிடுவம். ஒவ்வொரு கிழமையும் உதுதான்!"

அக்கா தட்டைப் பிடித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலுக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன உருவங்கள் வேலை ஊன்றிக்கொண்டு நின்றன. மாஸ்டர் எழும்பி மறைக்கப் பார்த்தார்.

"அந்த ரெண்டு பேருக்கும் தெரியுமோ, தாங்கள் எதுக்கு நிக்கிறம் எண்டு?" என்று அக்கா கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார். பேதுருவுக்கு அப்போதுதான் நமசிவாயத்தாரின் நினைவு வந்தது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஏரம்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா ஆளுக்கொரு கோப்பையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். மாஸ்டருக்கும் கொடுத்தார். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இரவு புட்டு வந்தது. கேள்வி வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் வரவில்லை.

மாஸ்டர் அக்காவின் முகத்தைப் பார்ப்பதை விட்டார். சாப்பிடும்போது புட்டைப் பார்த்தார், கதைக்கும்போது கதவைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் என்னவென்று கேட்பது? விளையாட்டில் கீரிமலையைத் தோற்கவிட்டதற்கா, இருக்கு இருக்கு என்று சொன்னதற்கா, அத்தான் நின்ற இடத்தில் ஆளை நிறுத்தியபோது தனக்கு அவருடைய நினைவே வராமல் போனதற்கா? கடைசியைச் சொல்ல வாய் வராது. அது இல்லாமல் மற்றவற்றைச் சொல்லிப் பயனுமில்லை.

ஆகவே சொல்லாமல், விளையாடினார். கீரிமலையை விடாமல் வெல்ல வேண்டும் என்று நின்றார். படை முழுவதையும் அங்கே குவித்தால் கொக்குவில் என்று பெயர் வைத்த ஊரை எதிரி தின்றான். ஆற்றுத் துறையில் மறித்தால் பாம்பு மேலால் பறந்து வந்தது. மாதக்கணக்கில் தோற்றார். பேதுரு வருவதை நிறுத்திக்கொண்டார். ஏரம்பர் மட்டும் வந்திருந்து கொட்டாவி விட்டார்.

"என்ன ஐசே, விசரே உமக்கு? அந்த ஊரை விட்டுத் தொலையும்."

"இல்லை. விடேலாது."

கடைசியில் ஒன்று பிடிபட்டது. ஆள் குறைந்த ஊரைவிட எதிரிகள் ஆசைப்படும் பொருள் ஒன்று உண்டு: நம்முடைய அரசன். மாஸ்டர் தன் அரசனையே கீரிமலைக்குக் கொண்டுபோய் நிறுத்தி, நல்ல படையை அவனைச் சுற்றி வைத்தார். எதிரிகள் மற்ற மூன்று ஊர்களையும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பக்கம் கடல் என்பதால் சுற்றி வளைக்க இடமில்லை. முட்டி முட்டி உடைந்தார்கள். எஞ்சியிருந்த நாலு குதிரைகள் போய்க் கோட்டைகளைப் பிடித்தன. கீரிமலையில் ஒரு கல்லும் விழவில்லை.

ஐம்பது வயது மனிதர் குசினிக்கு ஓடினார். "அக்கா! கீரிமலை இருக்கு!"

அக்கா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஆர் கேட்டது?" என்றார்.

மாஸ்டர் திரும்பி வந்து ஜெனரேற்றரை நிறுத்தினார். அதற்குப் பிறகு அந்த விளையாட்டை அவர் போடவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஒரு பின்னேரம், ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒழுங்கையால் போனது. இராணுவம் நெருங்கிவிட்டது, கொக்குவில் அடங்கலாக வலிகாமம் முழுக்க வெளிக்கிட வேண்டும், தென்மராட்சிப் பக்கம் போக வேண்டும், உடனே. மழை தூறிக்கொண்டிருந்தது. அக்கா இரண்டு பைகளில் அரிசியும் உடுப்பும் கட்டிச் சைக்கிளில் தொங்கவிட்டார். மாஸ்டர் கொட்டகை வாசலில் நின்று கொம்பியூட்டரைப் பார்த்தார்.

"அக்கா, நீங்கள் பேதுரு ஆக்களோடை முன்னுக்குப் போங்கோ. நான் உதை ஒரு இடத்திலை மறைச்சு வைச்சிட்டு, வீட்டையும் பாத்துக்கொண்டு ரெண்டு நாளிலை வாறன்."

அக்கா கொட்டகைக்குள் வந்து, ஏரம்பர் வழக்கமாக இருக்கும் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். கையிலிருந்த குடையை மடியில் வைத்தார்.

"ஏன் அக்கா இருக்கிறியள்?"

"நானும் நிக்கிறன். ரெண்டு பேரெல்லே வேணும்."

மாஸ்டர் மூலையில் கிடந்த வேட்டியை எடுத்தார். மூன்று வருஷமாக அந்தச் சொல் அந்த வீட்டில் எங்கே இருந்தது? கொம்பியூட்டரை வேட்டியால் போர்த்தினார். வீட்டுக் கதவைப் பூட்டினார். சைக்கிளைப் பிடித்தார். அதன் பிறகுதான் அக்கா எழும்பினார்.

செம்மணி வீதியில் சனம் நகரவில்லை, நசிந்தது. ஒரு அடி வைக்க ஒரு அடி காத்திருக்க வேண்டியிருந்தது. மழை வலுத்தது. யாரோ ஒருவரின் கைக்குழந்தைக்கு அக்கா குடையைக் கொடுத்துவிட்டார். மாஸ்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்தபடி சொன்னார்:

"அக்கா, அந்த ஞாயிறுகளிலை நான் சொன்னது..."

"சில்லு சேத்துக்கை போகுது. பாத்துத் தள்ளு."

கொஞ்சத் தூரம் போனார்கள். அக்கா அவருடைய கையைத் தட்டினார்.

"தம்பி, பொட்டு இருக்கோ?"

பார்க்காமல் சொல்ல முடியாத கேள்வி. வெகுகாலத்துக்குப் பிறகு மாஸ்டர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். இவ்வளவு கிழண்டு போயிருப்பார் என்று அவர் நினைக்கவில்லை. குங்குமம் கரைந்து மூக்கு வழியே இறங்கியிருந்தது. நெற்றி வெறுமையாக இருந்தது. இருக்கு என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை விழுங்கினார்.

"இல்லை, அக்கா. அழிஞ்சு போச்சு."

அக்கா அவரை ஒருகணம் பார்த்தார்.

"இடப்பக்கத்துப் பையிலை டப்பா கிடக்கு. எடு."

அவர் எடுத்துக் கொடுத்தார். பின்னால் வந்தவர்கள் இடித்தார்கள், ஏசினார்கள். மாஸ்டர் சைக்கிளைக் குறுக்கே பிடித்து, தன் சால்வையை அக்காவின் தலைக்கு மேலே கூரைபோல விரித்து நின்றார். அக்கா நெற்றியைத் துடைத்து, விரலால் தொட்டு வைத்துக்கொண்டு, டப்பாவை மூடினார்.

"சரி, தள்ளு," என்றார்.