திருப்புளியும் பூட்டிய பெட்டியும்

லிஃப்ட் கம்பெனியில் அவரை எல்லோரும் திருப்புளி என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னத் திருப்புளி எப்போதும் செருகியிருக்கும். இருபத்தாறு வருஷ வேலையில் தான் கைவைத்து மசியாத இயந்திரம் கிடையாது என்பது அவருடைய பெருமை. வீட்டு மின்விசிறியை நாலாவது தடவையாகப் பிரித்துப்போட்ட நாள் வரைக்கும் அவர் மனைவியும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தார்.

அந்த வாரம் அவருக்கு லீவு. சேர்ந்துகிடந்த லீவை எடுத்தே ஆக வேண்டும் என்று கம்பெனி பிடித்துத் தள்ளாத குறையாக வீட்டுக்கு அனுப்பியிருந்தது. சும்மா இரு என்றால் சும்மா இருக்கிற பிறவியா அவர்?

அதே வாரம்தான் மனைவிக்கு வாழ்நாளிலேயே முக்கியமான வாரம். பதினேழு வருஷமாக ஒரு வரைபட அலுவலகத்தில் அடுத்தவர் பெயருக்கு வீடு வரைந்து கொடுத்துவருகிறவர், முதல்முறையாகச் சொந்தமாக ஒரு வேலை பிடித்திருந்தார். ஒரு பில்டர் கட்டப்போகும் அடுக்குமாடி வீட்டுக்குள் நடந்துபோவதுபோல ஒரு நிமிடப் படம். வாசலில் தொடங்கி, கூடம், சமையலறை, படுக்கையறை என்று போய்ப் பால்கனியில் முடியும். முடிகிற இடத்தில், பால்கனிச் சுவரில், செய்தவர் பெயராக அவர் பெயர் தெரியும். பில்டருக்குப் பிடித்துவிட்டால் மீதிக் கட்டடங்களும் அவருக்குத்தான். இதுவரை பேசியதெல்லாம் ஒரு தரகர் மூலம்தான்; வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு பில்டர் முதல்முறையாக வீட்டுக்கே வந்து பார்ப்பதாகப் பேச்சு.

அந்த ஒரு நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு தனித்தனிப் படங்களைக் கம்ப்யூட்டர் வரைந்து தள்ள வேண்டும். ஒன்றுக்கு மூன்று நிமிடம். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அதை ஓடவிட்டுவிட்டு மனைவி கணக்குச் சொன்னார்.

"புதன் ராத்திரி ஒன்பது மணிக்கு முடிஞ்சிடும். பகல்ல நான் ஆபீஸ் போயிடுவேன். நீங்க அந்தப் பக்கமே போக வேணாம், என்னங்க. அது பாட்டுக்கு ஓடட்டும்."

"நான் ஏன் போறேன்" என்றார் அவர். சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னார்.

திங்கள் காலையில் மச்சினன் போன் செய்தான். மனைவியின் தம்பி. கடை கடையாக ஏறி இறங்கி உதிரிபாகம் வாங்கித் தானே கம்ப்யூட்டர் கட்டிக்கொள்கிறவன். போன வருஷம் இவர் பெரிய கம்பெனிப் பெட்டியை வாங்கியபோது, "பேர் போட்ட சாமான்னா அந்தத் தரமே வேற" என்று அவனை உட்கார வைத்து ஒரு மணி நேரம் உபதேசம் பண்ணியிருந்தார். அவன் அதை மறந்திருக்கவில்லை.

"எழுபத்தஞ்சு மணி நேரமா? என் பெட்டின்னா அம்பதுல முடிச்சிடும் மாமா. ஓவர்க்ளாக் பண்ணி வச்சிருக்கேன்."

பெட்டி செய்த கம்பெனி வைத்துக் கொடுத்த வேகத்துக்கு மேல் ஓடவிடுவதற்கு அப்படிப் பெயராம்.

"அவ்வளவுதானே, நானும் பண்ணிடறேன்."

"உங்களது கம்பெனிப் பெட்டியாச்சே. அதுல விடமாட்டானே."

விடமாட்டான் என்ற வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. விடாமல் இருக்க அவன் யார்? காசு கொடுத்து வாங்கியது யார்? ஒன்பது மணிக்கு மனைவி தலை மறைந்ததும் ஓட்டத்தை நிறுத்தினார். வரைந்து முடித்தவை பத்திரமாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். வேகத்தைக் கூட்டிவிட்டால் நிறுத்திய நேரத்தையும் சேர்த்து மிச்சம் பிடித்துவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு. மனைவியை அசத்திவிட வேண்டும் என்ற ஆசையும் அதில் கலந்திருந்தது, அதை மறைப்பானேன்.

மச்சினன் சொன்னபடி, பெட்டி கண்விழிக்கும்போதே பொத்தானைத் தட்டி அமைப்புத் திரைக்குள் போனார். அவனுடைய பெட்டியில் அந்தத் திரை பக்கம் பக்கமாக விரியுமாம். இவருடையதில் தேதி இருந்தது, மணி இருந்தது, எந்த மொழி வேண்டும் என்று ஒரு கேள்வி இருந்தது. வேகமும் இருந்தது, ஆனால் சாம்பல் நிறத்தில். அம்புக்குறியை அழுத்தினால் வெளிச்சம் அந்த வரியை மட்டும் தாண்டிக் குதித்து அடுத்ததில் போய் நின்றது. மேலிருந்து வந்தார், கீழிருந்து வந்தார். எண் தெரிகிறது, தொட முடியவில்லை. மாற்ற முடியாததை எதற்குக் காட்ட வேண்டும்?

பெட்டியைத் திறந்தார். உள்ளே எல்லாவற்றையும் தாங்கும் மதர்போர்டில் கம்பெனியின் முத்திரை மட்டும் பெரிதாக இருந்தது. அதை நிஜமாகச் செய்தவன் பெயரைக் காணோம். வேகத்தை மாற்ற மச்சினன் தேடச் சொன்ன சின்ன ஊசிகள் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக வெறும் ஓட்டைகள். ஓட்டை போடத் தெரிந்தவனுக்கு ஊசி வைக்கத் தெரியாதா? டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கப் பார்க்க அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரு மணிக்கு மூடித் திரும்ப ஓடவிட்டார்.

மாலையில் வந்த மனைவி திரையிலிருந்த எண்ணைப் பார்த்தார். நானூறு.

"நானூத்து எண்பது இருக்கணுமே. தொட்டீங்களா?"

"கொஞ்ச நேரம்தான். உனக்காகத்தானே…"

"எனக்காகன்னா தொடாதீங்க."

அந்தப் பேச்சை அவர் கேட்டிருக்கலாம். ஆனால் ராத்திரி முழுக்க அந்தச் சாம்பல் வரி கண்ணுக்குள்ளேயே நின்றது. செவ்வாய் காலை ஒன்பது மணிக்குப் பெட்டியைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் பெட்டி செய்த கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனார். கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"ரிப்பேரா சார்?"

"இல்லம்மா, நல்லாத்தான் ஓடுது. இன்னும் வேகமா ஓடணும்."

"அந்த வசதி இந்த மாடல்ல இல்ல."

"எந்த மாடல்ல இருக்கு?"

"எங்ககிட்ட எதுலயும் இல்ல சார். உள்ள இருக்கிற ஃபேன், பவர் சப்ளை எல்லாம் இந்த வேகத்துக்குன்னு அளவா வச்சது. கூட்டினா சூடாகும், எரிஞ்சாலும் எரியும். லட்சம் பெட்டி விக்கிறோம், லட்சம் பேரும் கூட்டினா நாங்க எங்க போறது? நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"மேல்மாடிக்காரர் ஒருத்தர் வந்து, லிஃப்ட் இன்னும் வேகமாப் போகணும்னா செஞ்சு தருவீங்களா?"

"அதெப்படி? வேகக் கட்டுப்பாட்டுக்குச் சீல் வச்சிருக்கும். நானே என் கையால வைக்கிறதாச்சே."

"அதேதான் சார்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவருக்கு மண்டை காய்ந்தது. அது எப்படி அதேதான் ஆகும்? லிஃப்டில் ஆள் போகிறான், அறுந்தால் உயிர் போகும். இதில் என்ன போகிறது, வெறும் படம். அவள் சொன்னது தப்பு என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எங்கே தப்பு என்பதுதான் இறங்கும் வரை பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்து ஓடவிட்டபோது மணி இரண்டு. அன்று மாலை மனைவி சத்தம் போடவில்லை. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இன்னமும் நாளைக்கு ராத்திரிக்குள்ள முடியாது. வியாழக்கிழமை காலையில ஆறு மணி ஆகும். பத்து மணிக்கு அவர் வரார். இனிமே நிறுத்த மாட்டேன்னு சொல்லுங்க."

"நிறுத்த மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா நிறுத்த மாட்டேன்."

மனுஷன் சொன்ன சொல் தவறவில்லை, அதுதான் வம்பாகப் போயிற்று. புதன் காலை மச்சினன் ஒரு சின்ன புரோகிராம் அனுப்பினான். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய் வேகத்தைக் கூட்டிப் பார்க்குமாம், நிறுத்தவே வேண்டாமாம். "உங்க போர்டு அதோட பட்டியல்ல இல்ல மாமா, ஆனா முயற்சி பண்ணுங்க" என்றான். ஒன்பது மணிக்கு அதை ஓடவிட்டார். திரை ஒருமுறை துடித்து, ஆயிரத்து எண்பது என்ற எண்ணோடு நின்றது. மவுஸை அசைத்தால் திரையில் அம்பு அசையவில்லை. பெட்டி ஆழமாக ஏதோ யோசிக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அணைத்துப் போட்டால் நிறுத்தியதாகிவிடும், அவரோ சத்தியம் பண்ணியிருக்கிறார். பத்து, பதினொன்று, ஒன்று, மூன்று. ஃபேன் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. எண் மாறவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அவர் காவல் உட்கார்ந்திருந்தார்.

நாலு மணிக்குப் பர்மிஷன் போட்டு வந்த மனைவி, திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

"ஒன்பதுலேர்ந்து. நான் நிறுத்தவே இல்ல."

மனைவி பெட்டியை அணைத்து மறுபடி போட்டு, அந்தப் புரோகிராமை அழித்து, ஓட்டத்தைத் தொடங்கினார். இன்னும் நானூற்று இருபது படம், இருபத்தோரு மணி நேரம். விரல்விட்டு எண்ணிப் பார்த்தவர் அப்படியே கட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. அழுதிருந்தால் அவருக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்கும்.

"நான் வேகமாப் பண்ணித் தாங்கன்னு கேட்டேனா?" என்றார் மனைவி, சுவரைப் பார்த்து. "விட்டுடுங்கன்னுதானே கேட்டேன்?"

நல்லது செய்யப்போய் எப்படிக் கெட்டவன் ஆனோம் என்று அவருக்கு விளங்கவில்லை. அன்று சாப்பாடு இறங்கவில்லை.

வியாழன் காலை பத்து மணிக்கு பில்டர் வந்துவிட்டார். எண் ஆயிரத்து நானூற்று நாற்பதில் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்தவரைக்கும் கோத்து மனைவி ஓட்டிக் காட்டினார். வாசல், கூடம், சமையலறை, படுக்கையறை, பால்கனிக் கதவு. கதவு திறந்த கையோடு படம் அறுந்துவிட்டது. பால்கனிச் சுவர் வரவில்லை, சுவரில் இருக்கும் பெயரும் வரவில்லை.

பில்டர் எழுந்து திருப்புளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பிரமாதமா செஞ்சிருக்கீங்க சார். சமையலறையில வெயில் விழற இடம் நிஜமாவே இருக்கு. இரண்டாவது பிளாக்குக்கு எத்தனை நாள் கேப்பீங்க?"

அவர் திகைத்துப் போனார். சட்டைப் பையில் கருவியோடு கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்ற ஆள் அவர்தான். மனைவியைப் பார்த்தார். இவர் என்ன சொல்லப்போகிறார் என்று மனைவி பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

"நான் லிஃப்ட் மெக்கானிக் சார்" என்றார் அவர். "எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. மூணு நாளாத் தெரியும்னு நினைச்சுட்டிருந்தேன். செஞ்சது இவங்க. கடைசியில இவங்க பேரு வரணும். வராம போனதுதான் நான் செஞ்ச வேலை."

பில்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியை மனைவியின் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"சரிம்மா, நீங்க சொல்லுங்க. எத்தனை நாள்?"

"நாலு நாள்" என்றார் மனைவி. "வீட்டுல யாரும் இல்லாட்டி மூணு."

பில்டருக்கு அது புரியவில்லை. அந்த வாரம் முழுக்கக் குழம்பிக் கிடந்தவருக்கு அது ஒன்றுதான் கேட்ட உடனே புரிந்தது.